முதுகெலும்புக் காசநோய்: குணம் என்பதை எதைக் கொண்டு அளப்பது?

முதுகெலும்பில் காசநோய் வந்தவருக்கு மருந்து மட்டும் போதுமா, அறுவைச் சிகிச்சையும் செய்தாக வேண்டுமா? எலும்பு மருத்துவத்தில் இந்த அளவுக்குக் கூர்மையாக விவாதிக்கப்பட்டு, இந்த அளவுக்குப் பொறுமையாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட கேள்விகள் மிகச் சிலவே. கொரியா, ஹாங்காங், ஆப்பிரிக்காவின் புலவாயோ ஆகிய இடங்களில் 1960களில் தொடங்கிய சோதனைகள் பின்னர் சென்னைக்கும் வந்தன. அவற்றிலிருந்து கிடைத்த பதிலைப் பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன: நோயாளி நடக்கும் நிலையில் இருந்தால் பெரும்பாலும் மருந்தே போதும். அந்த வரி சரியானதுதான். ஆனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால், இந்த ஆய்வுகளின் பாதிப் பயனைத்தான் பெற்றவர்களாவோம். எதைக் குணம் என்று கணக்கில் எடுப்பது, எத்தனை ஆண்டுகள் கழித்து அளப்பது, யாருடைய முதுகெலும்பை அளப்பது என்ற மூன்றையும் பொறுத்து அந்தப் பதில் மாறுகிறது. இதைக் காட்டியவையும் அதே ஆய்வுகளே. நோயாளிகளைப் பத்து ஆண்டுகள், பதினைந்து ஆண்டுகள் விடாமல் பின்தொடர்ந்ததால்தான் அது முடிந்தது. எலும்பு, மூட்டு நோய்களில் ஒரு சிகிச்சை பயன் தருகிறதா என்று அறிய அந்த நீண்ட பின்தொடர்தலே முதன்மையான கருவி என்பது என் வாதம். நம் காசநோய்த் திட்டத்தில் இன்று மிகவும் பலவீனமாக இருப்பதும் அதுவே.

நோயின் போக்கைச் சற்று விரிவாகப் பார்த்தால்தான் விவாதம் புரியும். காசநோய்க் கிருமி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே முதுகெலும்புக்கு வருகிறது. முள்ளெலும்பின் முன்பகுதியில், டிஸ்க்கை ஒட்டிய இடத்தில் அது தங்குகிறது. அங்கிருந்து அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளின் உடற்பகுதியை மெல்ல அரிக்கிறது. எலும்புக் காசநோய்களில் ஏறத்தாழப் பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. தொடக்கத்தில் விட்டு விட்டு வரும் முதுகுவலி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு என்று மட்டும் இருப்பதால் பலர் மாதக் கணக்கில் தைலமும் வலி மாத்திரையுமாகக் கழித்துவிடுகிறார்கள். எலும்பின் கனிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரையும்வரை சாதாரண எக்ஸ்ரேயில் குறை எதுவும் தெளிவாகத் தெரிவதில்லை. முன்பகுதி அரிக்கப்பட்டுப் பின்பகுதி அப்படியே நிற்கும்போது, மேலே உள்ள உடலின் எடை தாங்காமல் முதுகெலும்பு முன்னோக்கி மடிகிறது. அதுதான் கூன். சீழ், சூடோ சிவப்போ இல்லாத கட்டியாகத் திரண்டு, தசையின் உறையைப் பற்றிக்கொண்டு இடுப்புக்கும் தொடைக்கும் இறங்குவதும் உண்டு. சீழோ, செத்த எலும்புத் துண்டோ, கூனின் மடிப்போ தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கின்றன. ஆக, மருத்துவர் முன்னால் நிற்பவை மூன்று தனித்தனிப் பிரச்சினைகள்: கிருமி, தண்டுவட அழுத்தம், கூன். மருந்து முதலாவதை வெல்லும். இரண்டாவதைப் பெரும்பாலும் வெல்லும். மூன்றாவதன் மீது அதற்குப் பிடி இல்லை. பிற்காலக் குழப்பங்கள் பலவும் இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்ததால் வந்தவை.

லண்டனின் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையைச் சேர்ந்த பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், முதுகுக் கூனோடு சேர்ந்து வரும் கால் செயலிழப்பை 1779-ல் விவரித்து எழுதினார். இந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. ராபர்ட் காக் கிருமியைக் கண்டுபிடித்தது அதற்கு நூறாண்டுக்குப் பிறகு, 1882-ல். மருந்து இல்லாத அந்த நீண்ட காலத்தில் சிகிச்சை என்பது ஓய்வுதான்: மாதங்கள், சில வேளை ஆண்டுகள், மாவுக்கட்டுப் படுக்கையில் அசையாமல் கிடப்பது. குழந்தைகள் தங்கள் குழந்தைப் பருவத்தையே சானடோரியப் படுக்கையில் கழித்தார்கள். 1940களின் பிற்பகுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோநியாசிட் ஆகிய மருந்துகள் வந்ததும் நிலைமை அடியோடு மாறியது. மருந்துகள் இரண்டு நேரெதிரான துணிவுகளைத் தூண்டிவிட்டன என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. கிருமி பரவும் அச்சம் குறைந்ததால், இனி நெஞ்சைத் திறந்து நோயுள்ள எலும்பை நேரடியாகவே அகற்றலாம் என்று ஹாங்காங் அறுவை மருத்துவர்கள் நினைத்தார்கள். ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் 1956-ல் வெளியிட்ட கட்டுரை அதன் தொடக்கம். செத்த எலும்பை முற்றிலும் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் விலா எலும்பு போன்றவற்றை ஒட்டாக வைத்து இணைத்தார்கள். நைஜீரியாவின் இபாதானில் கான்ஸ்டம் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார். நோயாளிகள் ஏராளம், படுக்கைகள் சொற்பம் என்ற நிலையில் அவர் நோயாளிகளை நடமாடவிட்டே மருந்து கொடுத்தார். அவர்களும் தேறினார்கள்.

இரு தரப்பிடமும் நல்ல முடிவுகள் இருந்தன. இரு தரப்பிலும் இருந்தவர்கள் நேர்மையானவர்கள், திறமைசாலிகள். ஆனால் ஹாங்காங்கின் நோயாளிகளையும் இபாதானின் நோயாளிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை. நோயின் கட்டம், வயது, உணவு, அறுவை மருத்துவரின் கைத்திறன் எல்லாமே வேறு. எலும்பு மருத்துவத்தில் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். அறுவை செய்தவரின் கண்முன்னே நோயாளி எழுந்து நடக்கிறார். அது கத்தியால் வந்த பலனா, கத்தியோடு சேர்த்துக் கொடுத்த மருந்தால் வந்த பலனா என்று அந்த ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் அமைத்த முதுகெலும்புக் காசநோய்ப் பணிக்குழு இந்தச் சிக்கலை ஒவ்வொரு இழையாகப் பிரித்தது. கொரியாவின் மசானில் ஆறு மாதப் படுக்கை ஓய்வையும் தொடக்கத்திலிருந்தே நடமாடுவதையும் ஒப்பிட்டார்கள். பூசானில் மாவுக்கட்டு உறை அணிந்தவர்களையும் அணியாதவர்களையும் ஒப்பிட்டார்கள். புலவாயோவில் செத்த எலும்பைச் சுரண்டி அகற்றுவதையும் வெறும் மருந்தையும், ஹாங்காங்கில் சுரண்டுவதையும் முழு அறுவையோடு ஒட்டு வைப்பதையும் ஒப்பிட்டார்கள். யார் எந்தச் சிகிச்சை பெறுவது என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. குலுக்கல் முறை தீர்மானித்தது. எல்லோருக்கும் அன்றைய முறைப்படி மருந்துகள் உண்டு.

முடிவுகள் பலருடைய நம்பிக்கைகளைச் சாய்த்தன. படுக்கை ஓய்வால் கூடுதல் பயன் இல்லை. மாவுக்கட்டு உறையாலும் இல்லை. நூறாண்டுகளாகக் குழந்தைகளைக் கட்டிலோடு பிணைத்து வைத்த ஒரு முறைக்கு, மருந்து வந்த பிறகு எந்த நியாயமும் மிஞ்சவில்லை. எலும்பைச் சுரண்டி எடுப்பதால் மட்டும் குணமாகும் விகிதம் கூடவில்லை. ஹாங்காங் முழு அறுவையில் மட்டும் ஒரு வேறுபாடு தெரிந்தது. குணமானவர்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தாலும், ஒட்டு வைத்தவர்களுக்கு முள்ளெலும்புகள் விரைவாகப் பிணைந்தன. கூனும் குறைவாகவே வளர்ந்தது. இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். அடுத்த முப்பது ஆண்டு விவாதத்தின் விதை அதில்தான் இருக்கிறது.

சென்னைக்கு இந்தக் கேள்வி வந்தது தற்செயல் அல்ல. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இயங்கும் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழிவந்ததே. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே நடந்த முதல் பெரிய ஆய்வு 1959-ல் வெளியானது. 193 நுரையீரல் காசநோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மற்றவர்கள் தங்கள் வீட்டிலும் ஓராண்டு மருந்து பெற்றார்கள். நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. நெரிசலான வீடு, எளிய உணவு, ஓய்வில்லாத வேலை என்று எல்லாம் பாதகமாக இருந்தும் வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய ஈடுகொடுத்தது. ஏழை நாடுகளில் காசநோய்ச் சிகிச்சையின் முகத்தையே அந்த முடிவு மாற்றியது. நோயாளியின் வீட்டுக்குத் தேடிப் போவது, மாத்திரையை எண்ணிப் பார்ப்பது, விட்டுப்போனவரை மறுபடி அழைத்து வருவது என்று அந்த மையம் வளர்த்துக்கொண்ட ஒழுங்கு, பிறகு முதுகெலும்பு ஆய்வுக்கும் பயன்பட்டது. பத்தாண்டுப் பின்தொடர்தலை எல்லா ஊரிலும் நடத்திவிட முடியாது. அதற்கான பழக்கம் அங்கே முன்பே வேர்விட்டிருந்தது.

சென்னையில், அரசு மருத்துவமனைகளின் எலும்பு அறுவைப் பிரிவுகளோடு சேர்ந்து நடந்த ஆய்வில் மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு ஹாங்காங் முறையில் முழு அறுவையும் ஆறு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் மருந்துகளும். இரண்டாவது குழு நடமாடியபடியே ஆறு மாதம் அதே மருந்துகளைச் சாப்பிட்டது. மூன்றாவது குழு ஒன்பது மாதம் சாப்பிட்டது. ரிஃபாம்பிசின் வந்ததால்தான், முன்பு பதினெட்டு மாதம் நீண்ட சிகிச்சையை இவ்வளவு சுருக்க முடிந்தது. பார்த்தசாரதியும் சக ஆய்வாளர்களும் 1999-ல் பத்தாண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். நல்ல நிலையில் இருந்தவர்கள் அறுவைக் குழுவில் 90 விழுக்காடு, ஆறு மாத மருந்துக் குழுவில் 94, ஒன்பது மாத மருந்துக் குழுவில் 99. அறுவை இல்லாதவர்கள் அறுவை செய்துகொண்டவர்களைவிட எந்த வகையிலும் பின்தங்கவில்லை. நெஞ்சைத் திறக்கும் ஒரு பெரிய அறுவையை, அதற்கான மயக்கமருந்தும் இரத்தமும் தீவிர கவனிப்பும் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் கிடைக்காத ஒரு நாட்டில், பெரும்பாலான நோயாளிகளுக்குத் தவிர்க்கலாம் என்று இவ்வளவு உறுதியோடு சொல்ல முடிந்தது பெரிய சாதனை. இதை நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

ஆனால் ‘நல்ல நிலை’ என்று எதை வைத்துச் சொன்னார்கள்? நரம்புப் பாதிப்பு இல்லை, வெளியே தெரியும் சீழ்க்கட்டியோ புரையோ இல்லை, முதுகு நோயால் உடல் உழைப்புக்குத் தடை இல்லை, எக்ஸ்ரேயில் நோய் அடங்கியிருக்கிறது. இந்த நான்கும் இருந்தால் நல்ல நிலை. கூனின் கோணம் இந்தப் பட்டியலில் இல்லை. அதைத் தனியே அளந்தார்கள், தனியே வெளியிட்டார்கள், மறைக்கவில்லை. ஆனாலும் 94, 99 என்ற எண்கள்தான் பாடநூலுக்குப் போயின, கோணங்கள் பின்னால் நின்றுவிட்டன. கிருமியை வெல்வதுதான் நோக்கம் என்றால் அந்த வரையறை மிகச் சரியானது. முதுகில் கூனோடு அறுபது ஆண்டு வாழப்போகும் ஒரு சிறுமியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது போதாது. கூனால் நெஞ்சுக்கூடு சுருங்கி மூச்சு குறையலாம். நோய் முற்றிலும் அடங்கிப் பல ஆண்டுகள் கழித்தும், கூனின் உச்சியில் தண்டுவடம் இழுபட்டுக் கால்கள் பலமிழக்கலாம். திருமணம், வேலை, பிறர் பார்வை என்று சமூகம் விதிக்கும் விலை வேறு இருக்கிறது. அதையும் மருத்துவக் கணக்குக்கு வெளியே தள்ளிவிட முடியாது. சென்னை ஆய்வாளர்கள் இதை உணர்ந்தே எழுதினார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. பதினைந்து வயதுக்குக் கீழே, தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் இருந்த பிள்ளைகளுக்கு அது கணிசமாக வளரும் போக்கு தெரிந்தது. அவர்களை மற்றவர்களோடு சேர்த்து ஒரே அளவுகோலில் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அந்தப் பத்தாண்டு அறிக்கையிலேயே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இப்படி? வளரும் முதுகெலும்பில் முள்ளெலும்பின் முன்பக்க வளர்ச்சித் தகட்டை நோய் அழித்துவிடுகிறது. பின்பக்கம் வழக்கம்போல வளர்ந்துகொண்டே போகிறது. ஒரு பக்கம் மட்டும் காய்ந்த பச்சைப் பலகை எப்படி வளைந்துகொண்டே போகுமோ, அப்படி அந்த முதுகும் வளைகிறது. கிருமி செத்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும் வளைவு நிற்பதில்லை, ஏனென்றால் அதை வளைப்பது இப்போது நோய் அல்ல, வளர்ச்சி. பெரியவர்களிடம் கூன் பெரும்பாலும் நோய் தீவிரமாக இருக்கும் காலத்தோடு நின்றுவிடும். எனவே பெரியவர்களையும் குழந்தைகளையும் சேர்த்து எடுத்த சராசரி இருவரில் யாரையும் சரியாகக் காட்டுவதில்லை. ‘கூன் சராசரியாகச் சில பாகைகள் கூடியது’ என்ற வாக்கியத்துக்குள்ளே, துளியும் மாறாத ஒரு நாற்பது வயதுக்காரரும் முதுகு மடிந்துபோன ஓர் எட்டு வயதுக் குழந்தையும் அருகருகே இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டு மருத்துவர்களின் பங்களிப்பு உலக அளவில் பேசப்படுகிறது. கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன், டி.கே. சண்முகசுந்தரத்தோடு சேர்ந்து 1987-ல் வெளியிட்ட ஆய்வு, தொடக்கத்தில் முள்ளெலும்பு எவ்வளவு அழிந்திருக்கிறது என்பதை வைத்து, மருந்துச் சிகிச்சைக்குப் பிறகு கூன் எத்தனை பாகையில் வந்து நிற்கும் என்று கணிக்க ஒரு சூத்திரம் தந்தது. அழிந்த முள்ளெலும்பின் அளவை 30.5-ஆல் பெருக்கி 5.5-ஐக் கூட்ட வேண்டும். ஒன்றரை முள்ளெலும்பு அளவுக்கு இழப்பு என்றால் ஏறத்தாழ 51 பாகை. யாருக்கு மருந்து போதும், யாருக்கு முதுகைத் தாங்கிப் பிடிக்க ஏதாவது செய்தாக வேண்டும் என்ற முடிவு அதுவரை மருத்துவரின் அனுபவக் கண்ணைப் பொறுத்திருந்தது. எக்ஸ்ரேயும் அளவுகோலும் இருந்தால் எவரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்காக அது மாறியது.

அதைவிட ஆழமானது 2001-ல் ராஜசேகரன் வெளியிட்ட ஆய்வு. அறுவை இல்லாமல் மருந்து மட்டும் பெற்று நோய் குணமான 61 குழந்தைகளைச் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதியது. அதில் 39 விழுக்காட்டினருக்கு வளர்ச்சி நிற்கும்வரை கூன் கூடியது. 44 விழுக்காட்டினருக்கு யாரும் கைவைக்காமலே, வளர்ச்சியின் போக்கிலேயே கூன் குறைந்தது. 17 விழுக்காட்டினருக்குப் பெரிய மாற்றமில்லை. இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் பழைய சண்டையின் பொருளே விளங்குகிறது. எல்லாக் குழந்தைகளுக்கும் அறுவை செய்திருந்தால், தானாகவே நிமிர்ந்திருக்கக் கூடிய ஒரு பெரும் பகுதியினரை வீணாகக் கத்திக்கு உட்படுத்தியிருப்போம். யாருக்கும் செய்யாமல் விட்டிருந்தால் பத்தில் நான்கு பேரைக் கூனிடம் ஒப்படைத்திருப்போம். ‘கூன் கொஞ்சம்தான் கூடுகிறது’ என்று ஒரு தரப்பும், ‘கூன் கூடுகிறதே’ என்று இன்னொரு தரப்பும் சொன்னபோது, இருவரும் தத்தம் கண்ணில் பட்ட குழந்தைகளை வைத்து உண்மையைத்தான் சொன்னார்கள். யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல, சாதாரண எக்ஸ்ரேயில் காணக்கூடிய நான்கு அடையாளங்களை ராஜசேகரன் எடுத்துக்காட்டினார்: பின்பக்கச் சிறு மூட்டுகள் விலகியிருப்பது, நோயுற்ற பகுதி பின்னோக்கித் தள்ளப்பட்டிருப்பது, மேலும் கீழும் உள்ள எலும்புகள் பக்கவாட்டில் நகர்ந்திருப்பது, மேலுள்ள முள்ளெலும்பு கீழுள்ளதன் மீது கவிழ்வதுபோல் சாய்ந்திருப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இரண்டுக்கு மேல் வந்தால் கூன் பெரிதாக வளரும் ஆபத்து உண்டு. அப்போதுதான் அறுவை, அதுவும் வளைவு முற்றுவதற்கு முன்பே.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு. அவற்றில் வலுவானது, இந்த ஆய்வுகள் பழையவை என்பது. அன்று எம்.ஆர்.ஐ. இல்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து திருகாணிகள் பொருத்தி நிமிர்த்தும் முறை இல்லை. ஹாங்காங் ஒட்டு நீளமாக இருந்தால் உடைவதும் நழுவுவதும் சகஜம். ராஜசேகரனும் சௌந்தரபாண்டியனும் 1989-ல் எழுதிய ஆய்விலேயே, இரண்டு டிஸ்க் இடைவெளிக்கு மேல் நீளும் ஒட்டுகள் பெரும்பாலும் நிலைக்கவில்லை என்று வந்தது. அப்படியானால் மோசமான அறுவையை மருந்தோடு ஒப்பிட்டு அறுவையே வேண்டாம் என்று சொன்னது நியாயமா? இந்தக் கேள்வியின் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். இன்றைய அறுவை கூனை அன்றைவிட நன்றாகத் திருத்துகிறது; ஆபத்துள்ள குழந்தைக்கு அது பெரிய வரம். ஆனால் ஆபத்து அடையாளம் இல்லாத, நடமாடுகிற, சிறிய கூனுள்ள ஒருவருக்கு அந்த அறுவையால் என்ன லாபம்? அவருக்குக் கிருமியை வெல்ல மருந்து போதும், கூனும் பெரிதாகப் போவதில்லை. கருவி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், திருத்துவதற்கு எதுவும் இல்லாத முதுகில் அது வேலை செய்ய இடமில்லை. வழக்கமாக எல்லோருக்கும் அறுவை செய்வது பற்றிய காக்ரேன் மதிப்பாய்வு 2006-ல், 331 நோயாளிகள் கொண்ட இரண்டு குலுக்கல் சோதனைகள் மட்டுமே தேறுவதாகக் கண்டு, அவற்றில் தெளிவான வேறுபாடு இல்லை, சான்று போதாது என்று முடித்தது. சான்று போதாது என்பதை அறுவைக்கு அனுமதியாகப் படிப்பவர்கள் உண்டு. ஒரு பெரிய அறுவையை வழக்கமாகவே செய்ய வேண்டும் என்று சொல்பவர்தான் சான்று காட்டக் கடமைப்பட்டவர்.

இரண்டாவது மறுப்பு, நடக்க முடியாத அளவுக்குக் கால் செயலிழந்தவர்களை இந்தச் சோதனைகள் சேர்க்கவே இல்லை என்பது. இது முழு உண்மை. எனவே அவர்களுக்கு இந்த முடிவுகளை நீட்டக் கூடாது. அவர்களுக்கான வழியை வாரணாசியில் எஸ்.எம். துளி 1975-ல் ‘நடுவழி முறை’ என்ற பெயரில் வகுத்தார். முதலில் மருந்தும் ஓய்வும் கொடுத்துச் சில வாரங்கள் கவனிப்பது, தேறாவிட்டாலோ மோசமானாலோ அறுவை செய்வது. குலுக்கல் சோதனையின் உறுதி அதற்கு இல்லை. ஆனால் நோயாளியின் போக்கைப் பார்த்து முடிவெடுக்கும் அதன் அடிப்படை, சென்னையிலும் கோவையிலும் பின்னர் வந்த முடிவுகளோடு இணங்கியே போகிறது.

மூன்றாவது, மருந்து எதிர்ப்பு. ஐசோநியாசிட்டுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் மசியும் கிருமிதான் அன்றைய முடிவுகளின் அடித்தளம். இன்று அந்த இரண்டுக்கும் மசியாத கிருமி முதுகிலும் வருகிறது. எம்.ஆர்.ஐ. படம் நோயைச் சீக்கிரம் காட்டுகிறது, தண்டுவடத்தின் நிலையைத் துல்லியமாகச் சொல்கிறது. ஆனால் கிருமி எது, எந்த மருந்துக்கு மசியும் என்று அதனால் சொல்ல முடியாது. வேறு கிருமித் தொற்றும் புற்றுநோயும்கூடப் படத்தில் காசநோயைப் போலத் தோன்றலாம். ஊசி வழியே சிறு துண்டு எடுத்துத் திசுப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும் செய்யாமல், படத்தை மட்டும் வைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது, சென்னை ஆய்வின் பெயரைச் சொல்லி அதன் நிபந்தனையை மீறுவதாகும். சிகிச்சை முடிந்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கும் வழக்கம் வேறொரு சிக்கலைக் கொண்டுவந்திருக்கிறது. கிருமி அழிந்து நெடுநாள் ஆன பின்னும் எலும்பு மஜ்ஜையில் மாற்றம் படத்தில் தெரிகிறது. அதைக் கண்டு மருந்தை நீட்டுகிறார்கள். இந்திய அரசின் 2016 வழிகாட்டு நெறி எலும்பு, மூட்டுக் காசநோய்க்குப் பன்னிரண்டு மாதம், தேவைப்பட்டால் பதினெட்டு என்கிறது. சென்னைச் சோதனையில் ஆறு, ஒன்பது மாதங்களே போதுமானதாக இருந்தன. எச்சரிக்கையான மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகளை மேலும் பல மாதங்கள் நீட்ட, படத்தில் தெரியும் ஒரு நிழலைவிட உறுதியான காரணம் வேண்டும். அதற்கும் ஒரு பின்தொடர்தல் ஆய்வுதான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

குலுக்கிப் போட்டு ஒருவருக்கு அறுவையும் இன்னொருவருக்கு வெறும் மருந்தும் கொடுப்பது மனிதத்தன்மையா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சோதனை நடக்காத ஊர்களில் நடந்ததை எண்ணிப் பார்த்தால் பதில் கிடைக்கும். அங்கே யாருக்கு எது என்பதை, அவர் எந்த மருத்துவமனை வாசலில் போய் நின்றார் என்பது தீர்மானித்தது. அதனால் எவருக்கும் எந்தப் பாடமும் கிடைக்கவில்லை. குலுக்கலுக்குத் தங்களைக் கொடுத்தவர்கள் பிறகு பத்தாண்டு காலம் எக்ஸ்ரேவுக்கு வந்து நின்றதால்தான், மசானில் படுக்கையிலிருந்தும் பூசானில் மாவுக்கட்டிலிருந்தும் பிள்ளைகள் விடுதலை பெற்றார்கள்.

இப்போது நம் காசநோய்த் திட்டம் ஒரு குழந்தையை எதுவரை பார்க்கிறது என்று கேட்க வேண்டும். மருந்து முடிந்ததும் ‘சிகிச்சை நிறைவு’ என்று பதிவாகிறது. அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகள்வரை நோய் திரும்புகிறதா என்று கவனிக்க நெறிமுறை இருக்கிறது. நுரையீரல் காசநோய்க்கு அது பொருந்தும். முதுகெலும்பு நோயிலிருந்து குணமான குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, மூன்று முதல் ஆறு ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டுப் பிறகே கூன் வளரத் தொடங்குகிறது என்று ராஜசேகரனின் பதினைந்தாண்டு ஆய்வு காட்டியிருக்கிறது. அதாவது பதிவேடு மூடப்பட்ட பிறகுதான் அந்தக் குழந்தையின் முதுகு வளைய ஆரம்பிக்கிறது. முதுகெலும்புக் காசநோயோடு பதிவாகும் பதினைந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொருவருக்கும் சிகிச்சை தொடங்கும்போதே அந்த நான்கு அடையாளங்களைப் பார்த்துப் புள்ளியை அட்டையில் எழுதலாம். உடல் வளர்ச்சி நிற்கும்வரை ஆண்டுக்கு ஒருமுறை, நின்றபடி, பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்துக் கோணத்தை அளக்கலாம். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தாலுகா மருத்துவமனையில் இருக்கும் எக்ஸ்ரேயும், அளக்கத் தெரிந்த ஒருவரும், பெயரை நீக்கிவிடாத ஒரு பதிவேடும் போதும். கோணம் கூடுவது தெரிந்தவுடன் முதுகெலும்பு அறுவைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அனுப்பினால், வளைவு முற்றாத கட்டத்திலேயே திருத்திவிடலாம். முற்றிய கூனைப் பிற்பாடு நிமிர்த்தும் அறுவை மிகப் பெரியது, தண்டுவடத்துக்கே ஆபத்தானது.